எண்ணெய் விலை ஏன் ஏறி இறங்குகிறது?

2020-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு நாள் மாலை, எழும்பூரிலிருந்து ஆட்டோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் பெட்ரோல் நிரப்ப ஓட்டுநர் ஒரு பங்கில் வண்டியை நிறுத்தினார். ஐம்பது வயதைக் கடந்தவர். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து அமர்ந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, ஜனவரி மாதம் இருந்ததைவிட வெளிநாட்டில் எண்ணெய் விலை குறைவு என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். இங்கே மட்டும் கூடியிருக்கிறதே, அது எப்படி?”

ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. வீடு வந்தது, இறங்கிவிட்டேன். விடை சொல்லாத குறை மட்டும் மனத்தில் நின்றது. இன்று, மாணவ நண்பர்களே, உங்கள் முன் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

திருச்சியில் காவிரி கரை புரண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின்மேல் நின்று பார்ப்பவனுக்கு அது ஒரே வெள்ளம். ஆனால் அது மேட்டூரில் திறந்த நீரா, பவானி கொண்டுவந்த நீரா, அமராவதி கொண்டுவந்த நீரா என்று கேட்டால்தான் வெள்ளத்தின் காரணம் விளங்கும். பெட்ரோல் விலையும் அப்படிப்பட்ட ஓர் ஆறு. பங்கில் நாம் காண்பது ஒரே எண். அந்த எண்ணில் வந்து கலக்கும் கிளையாறுகளோ பல. அவற்றை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து செல்வோம்.

முதலாவது, கச்சா எண்ணெயின் உலக விலை. இந்த விலை நிலையாக நின்ற காலம் மிகக் குறைவு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1859-ஆம் ஆண்டில் எட்வின் டிரேக் என்பவர் துளையிட்டு எண்ணெய் எடுத்தார். நவீன எண்ணெய்த் தொழிலின் பிறப்பு அதுவே என்பர். 1861-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே ஒரு பீப்பாய் எண்ணெய் 10 டாலருக்கு விற்றது. பூமியிலிருந்து தானே பீறிட்டெழும் கிணறுகள் அந்த ஆண்டில் கிடைத்தன. எண்ணெய் பெருகிற்று, ஆண்டு முடிவதற்குள் பீப்பாய் விலை 10 சென்ட் ஆயிற்று. அதாவது நூற்றில் ஒரு பங்கு! உள்ளே இருந்த எண்ணெயைவிட வெளியே இருந்த மரப்பீப்பாய்க்கு விலை அதிகம் என்ற நிலை. தோண்டியவர்கள் பலர் நொடித்துப்போயினர். கிணறுகள் கைவிடப்பட்டன. 1863-இல் விலை மறுபடியும் 7 டாலருக்கு மேல் ஏறிவிட்டது. மோட்டார் கார் பிறப்பதற்கு முன்னரே, பெரிய கம்பெனிகளும் எண்ணெய் நாடுகளின் கூட்டமைப்பும் தோன்றுவதற்கு முன்னரே, இந்த ஆட்டம் தொடங்கிவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஏன் இப்படி? மதுரை மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் பூ வரத்துக் குறைகிறது. தை மாதத்து முகூர்த்தங்கள் வந்துவிடுகின்றன. விலை பல மடங்கு ஏறுகிறது. ஆயினும் மல்லிகை வாங்க முடியாதவர்கள் கனகாம்பரத்தை வாங்குவார்கள்; பாதி முழத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆகவே ஒரு கட்டத்துக்குமேல் விலை ஏற இயலாது. எண்ணெய் அப்படியன்று. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிப் புறப்படும் லாரிக்கு டீசலுக்குப் பதிலாக வேறொன்றை ஊற்ற முடியாது. விலை ஏறிவிட்டது என்பதற்காக அலுவலகத்துக்குப் பாதி வழி மட்டும் போக முடியாது. என்ன விலையானாலும் வாங்கியே தீரவேண்டிய பொருள் அது.

விற்பவன் நிலையும் அவ்வாறே. புதிய எண்ணெய் வயலைக் கண்டுபிடித்து, துளையிட்டு, குழாய் பதித்து எண்ணெயைக் கரை சேர்ப்பதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் செல்லும். தோண்டி முடித்த கிணற்றையோ விலை குறைந்த காரணத்துக்காக உடனே மூடிவிட மனம் வராது. போட்ட முதல் போட்டதுதான், கிடைப்பது கிடைக்கட்டும் என்று இறைத்துக்கொண்டே இருப்பான். வாங்குபவனும் வளைவதில்லை, விற்பவனும் வளைவதில்லை. இருவரும் வளையாதபோது வளைய வேண்டியது எது? விலை ஒன்றுதான். அதனால்தான் சரக்கில் நூற்றுக்கு நான்கைந்து குறைந்தாலும், விலையில் நூற்றுக்கு ஐம்பது ஏறுவது உண்டு.

இந்தக் குதிரைக்குக் கடிவாளம் போட முயன்றவர்கள் பலர். 1930-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் மிகப் பெரிய எண்ணெய் வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே விலை பீப்பாய்க்குச் சில சென்ட்டுகளாகச் சரிந்தது. கிணறுகளை மூடுவதற்கு மாநில ஆளுநர் படைவீரர்களையே அனுப்ப வேண்டியதாயிற்று. பின்னர், ஒவ்வொரு கிணறும் எவ்வளவு இறைக்கலாம் என்று அளந்து கொடுக்கும் பொறுப்பை டெக்சாஸ் ரயில்வே ஆணையம் ஏற்றது. ரயில்வே ஆணையத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டா, பெயர் அப்படி, வேலை இப்படி. அந்த ஆணையம் கிணறுகளின் வாயைச் சற்று மூடியே வைத்திருந்ததால், உலகில் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் திறந்துவிடுவதற்குக் கொஞ்சம் சரக்கு எப்போதும் மிச்சமிருந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் விலை ஓரளவு அடங்கியிருந்ததற்கு இஃது ஒரு முக்கிய காரணம்.

1972-ஆம் ஆண்டில் அந்த ஆணையம் கிணறுகளை முழு அளவில் இறைக்க அனுமதித்தது. மிச்சம் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். அதற்குள் எண்ணெய் விற்கும் நாடுகள் ஒன்றுசேர்ந்திருந்தன. ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்தும் 1960-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாக்தாத் நகரில் கூடி, ‘ஒபெக்’ என்ற கூட்டமைப்பை நிறுவின. 1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு விற்பதையும் நிறுத்தின. உலகச் சரக்கில் குறைந்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலையோ ஏறத்தாழ 3 டாலரிலிருந்து, 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. நான்கு மடங்கு! வாங்குபவன் வளையமாட்டான் என்று சற்றுமுன் சொன்னேனே, அதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் விற்பவனும் எப்போதும் வெல்வதில்லை. 1979-இல் ஈரானியப் புரட்சியை அடுத்து விலை 30 டாலருக்கு மேல் சென்றது. அந்த உயர்ந்த விலையே பகையாயிற்று. வடகடலிலும் அலாஸ்காவிலும் எண்ணெய் பெருகியது. மக்கள் எண்ணெய் குறைவாகக் குடிக்கும் கார்களைத் தேடினர். மின் நிலையங்கள் நிலக்கரிக்கு மாறின. இவற்றுக்கெல்லாம் ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. 1986-இல் விலை 10 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. ஆகவே, உடனடியாக வளையாத வாங்குபவனும் விற்பவனும் சில ஆண்டுகள் கழித்து வளைகிறார்கள். அந்தத் தாமதத்தினால்தான் விலை ஊஞ்சல்போல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்வருகிறது.

இனி அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் வணிகன் இன்றைய சரக்கை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. அடுத்த மாதம் சரக்கு வருமா என்று எண்ணியும் விலை சொல்கிறான். பாரசீக வளைகுடாவின் வாயிலாக ஹோர்முஸ் என்ற நீரிணை இருக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான். 2024-ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த வாயில் வழியாகவே சென்றது. அங்கே போர் வரும் என்ற வதந்தி எழுந்தாலே போதும்; ஒரு கப்பலும் நிற்காத நிலையிலும் விலை ஏறும்.

இத்தகைய அச்சத்தின் சுமை எவ்வளவு என்பதை நம் நாடு ஒரு முறை நன்றாக உணர்ந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. 20 டாலரை ஒட்டியிருந்த எண்ணெய் விலை சில மாதங்களில் இரட்டித்தது. முன்னரே கடன் சுமையில் தள்ளாடிய இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. குவைத்தில் உழைத்த நம்மவர் அனுப்பிவந்த பணமும் நின்றது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைக்க வேண்டிய நிலை வந்தது. வீட்டு நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் குடும்பத் தலைவனின் மனநிலையை அன்று நாடே அடைந்தது.

அச்சத்துக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தக்காளி அமோகமாக விளைந்த ஆண்டில், பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் அதைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண்ணெயைச் சாலையில் கொட்ட முடியாது. 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் ஊர்கள் அடங்கிக் கிடந்தன. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், முன்பேர ஒப்பந்தப்படி எண்ணெயை ஒப்படைக்கும் இடமான குஷிங்கில், சேமிப்புத் தொட்டிகளில் இனி இடம் கிடைக்காது என்ற நிலை. ஏப்ரல் 20 அன்று, மே மாதத்துக்கான அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலர் 63 சென்ட்டில் முடிந்தது. ஒரு பீப்பாயை எடுத்துச் செல்பவனுக்கு விற்பவனே பணம் கொடுக்கும் விந்தை! 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட அதே பண்டந்தான் இது.

இரண்டாவது கிளையாறு நம் ரூபாயின் மதிப்பு. நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85-க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது. அதற்குப் பெரும்பாலும் டாலரில்தான் விலை கொடுக்கிறோம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 2008 ஜூலையில் 147 டாலர் என்ற அந்த உச்ச விலைக்கே வாங்கியிருந்தாலும், அன்று டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 43 ரூபாய். பீப்பாய் ஏறத்தாழ 6,300 ரூபாய் ஆகியிருக்கும். 2022 ஜூனில் இந்தியா வாங்கிய எண்ணெயின் சராசரி விலை சுமார் 116 டாலர்தான். ஆனால் அப்போது டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 78 ரூபாய். பீப்பாய் விலை 9,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு பீப்பாய் 159 லிட்டர் கொண்டது. ஆகவே முன்னது லிட்டருக்கு 40 ரூபாய். பின்னது 57 ரூபாய். டாலரில் குறைந்த விலை, ரூபாயில் கூடிய விலையாகிவிட்டது. செய்தித்தாளில் டாலர் விலையை மட்டும் படிப்பவன் பாதிச் செய்தியைத்தான் படிக்கிறான்.

மூன்றாவது, சுத்திகரிப்பு ஆலை. கச்சா எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. நம் மணலியில் இருப்பது போன்ற ஆலைகளில் அதைக் காய்ச்சிப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று பிரிக்க வேண்டும். அந்தப் பண்டங்களுக்குத் தனித்தனிச் சந்தைகள் உண்டு. 2022-இல் உக்ரைன் போரை அடுத்து டீசலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, உலகச் சந்தையில் அதன் விலை பெட்ரோலையும் மிஞ்சியது. இந்தக் கிளையாறு சிறிதுதான். ஆனால் சில வேளைகளில் இதிலும் வெள்ளம் வரும்.

நான்காவது, வரி. ஆட்டோ ஓட்டுநரின் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது. 2020 ஜனவரியில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 64 டாலர். ஏப்ரலில் அது சுமார் 20 டாலராக வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியின் பயன் பங்கு வரை வந்து சேரவில்லை. மத்திய அரசு மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியை உயர்த்தியது. அந்த மே மாத நடுவில் டில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 71 ரூபாய் 26 காசு. அதைப் பிரித்துப் பார்ப்போம். எண்ணெய்க் கம்பெனி தன் முகவருக்குக் கொடுத்த விலை 18 ரூபாய் 28 காசு. மத்தியக் கலால் வரி 32 ரூபாய் 98 காசு. பங்க் வைத்திருக்கும் முகவரின் கமிஷன் 3 ரூபாய் 56 காசு. டில்லி அரசின் விற்பனை வரி 16 ரூபாய் 44 காசு. இரு அரசுகளின் வரியையும் கூட்டினால் 49 ரூபாய் 42 காசு. பத்து ரூபாய்க்குப் பெட்ரோல் வாங்கியவர் ஏறத்தாழ ஏழு ரூபாயை வரியாகவே செலுத்தினார். 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் வரியும் விலையும் வேறுபட்டன.

இதைக் கேட்டதும் அரசைக் குறை கூறத் தோன்றும். ஆனால் நீதிபதிபோல் இரு பக்கமும் கேட்பதே மாணவர்க்கு அழகு. அந்த ஆண்டில் கடைகள் மூடிக் கிடந்தன. மற்ற வரிகள் வற்றின. மருத்துவத்துக்கும் ரேஷனுக்கும் செலவு பெருகிற்று. உலக விலை வீழ்ந்த இடைவெளியில் வரியை உயர்த்தினால் புதிய வலி தெரியாது என்று அரசு கருதியது. மேலும், வரி மிகுதி ஒரு வகையில் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கவும் செய்கிறது. மேலே சொன்ன கணக்கில் 18 ரூபாய் 28 காசு இரட்டிப்பானால் பங்க் விலையும் இரட்டிப்பாகாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உயரும். கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று நிற்பதே காரணம். வரி, விலையை உயரத்தில் வைக்கிறது. ஆனால் அதன் குதிப்பைக் குறைக்கிறது. விலை மிகவும் ஏறிய பிறகு வரியைக் குறைத்ததும் உண்டு. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. மத்திய அரசு அந்த நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் கலால் வரியைக் குறைத்தது.

ஐந்தாவதாக, விலையை அறிவிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நெடுங்காலம் அரசே விலையை நிர்ணயித்தது. 2010 ஜூனில் பெட்ரோலும், 2014 அக்டோபரில் டீசலும் சந்தை விலைக்கு விடப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலையை மாற்றும் முறை வந்தது. எனினும் 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை, உலக விலை 100 டாலரைக் கடந்தபோதும், 137 நாட்கள் பங்க் விலை அசையவில்லை. அந்த இடைவெளியில் ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடந்தது. விலை நின்றாலும் செலவு நிற்பதில்லை. அதை எண்ணெய்க் கம்பெனியோ அரசோ சுமக்கின்றன. முன்னொரு காலத்தில் அரசு கம்பெனிகளுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து விலையைத் தாழ்த்தி வைத்தது. அந்தக் கடனைப் பின்னால் வந்த வரி செலுத்துவோரே அடைத்தனர். இன்று கொடுக்காததை நாளை கொடுக்கிறோம். வேறு பெயரில் கொடுக்கிறோம்.

நண்பர்களே, இத்தனை கிளையாறுகளும் கூடிய வெள்ளம் கடைசியில் யார் வீட்டுக்குள் புகுகிறது? விலை ஏறியதும் லாரி வாடகை ஏறும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வரும் காய்கறியில் அந்த வாடகை ஏறும். பெரிய வணிகன் தன் சுமையை அடுத்தவன் தலைக்கு மாற்றிவிடுகிறான். மாற்ற இயலாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். விசைப்படகில் கடலுக்குப் போகும் மீனவருக்கு டீசல் விலை கரையிலேயே தெரிந்துவிடும். பிடிக்கும் மீனின் விலை திரும்பி வந்த பிறகுதான் தெரியும். அந்த ஆட்டோ ஓட்டுநரும் இவர்களில் ஒருவர். சென்னையில் 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அவர் என்னிடம் கேள்வி கேட்ட நாளிலும் சட்டப்படி அதே கட்டணந்தான். அவருடைய செலவு நாள்தோறும் மாறலாம். வரவு ஏழு ஆண்டுகளாக மாறக்கூடாது. மீட்டருக்குமேல் பத்து ரூபாய் கேட்டால் நாம் அவரை வழிப்பறிக்காரர் என்கிறோம். அன்று அவர் கேட்டது பொருளாதாரக் கேள்வியாக எனக்குத் தோன்றியது. அது வயிற்றுக் கேள்வி என்பது பிறகுதான் விளங்கியது.

இன்று அவரைச் சந்தித்தால் இப்படிச் சொல்வேன்: “ஐயா, நீங்கள் சொன்னது உண்மை. கடல் கடந்து வந்த ஆற்றில் நீர் குறைந்தது. நம் ஊரில் கலந்த ஆற்றில் நீர் கூடிற்று. அதனால்தான் வெள்ளம் வடியவில்லை. அதைப் பற்றிக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரிலும் வரி செலுத்துகிறவர் நீங்கள்.”

உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை பெட்ரோல் விலை ஏறியது என்றோ இறங்கியது என்றோ செய்தி வரும். “எல்லாம் அரபு நாட்டுக்காரன் செய்வது” என்பார் ஒருவர். “எல்லாம் அரசாங்கம் செய்வது” என்பார் மற்றொருவர். பங்கில் நிற்கும் பையனைத் திட்டிவிட்டுப் போவார் மூன்றாமவர். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கிளையாற்றில் வெள்ளம்? கச்சா எண்ணெயிலா, ரூபாயிலா, ஆலையிலா, வரியிலா? காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். சினம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்ட பின் வரும் சினம், உரிய இடத்தைச் சென்று சேரும்.